க்ளெய்மை மறுத்துவிட்டார்கள், இனி யாரிடம் முறையிடுவது?

கேள்வி: என் கணவருக்கு அவசரமாக அப்பெண்டிக்ஸ் ஒபரேஷன் செய்தோம். நீரிழிவு இருப்பதை முதலிலேயே சொல்லவில்லை என்று காப்புறுதி நிறுவனம் செலவைத் தர மறுக்கிறது. நிறுவனத்துக்கு வெளியே யாராவது இதை விசாரிப்பார்களா? – வாசகி, உப்புவெளி

பதில்: விசாரிப்பார்கள். ஆனால் முதலில் மறுப்புக்கான காரணத்தை, பொலிசியின் எந்த வாசகத்தின்படி என்பதோடு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. 'ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் இல்லை' என்பது ஒரு காரணம். 'நோயை மறைத்தீர்கள்' என்பது வேறு.

முதலாவது என்றால் உங்கள் பக்கம் வலுவானது. நீரிழிவால் அப்பெண்டிக்ஸ் வீங்குவதில்லை. ஒபரேஷன் செய்த டொக்டரிடம் அதையே கடிதமாக வாங்குங்கள்.

இரண்டாவதுதான் சிக்கல். நோய்க்கும் ஒபரேஷனுக்கும் தொடர்பில்லை என்று காட்டினால் மட்டும் போதாது. கேட்ட கேள்விக்கு உண்மை சொன்னீர்களா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் பொலிசி எடுக்கும்போது கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைக் கேளுங்கள். நம் ஊரில் பலருக்கும் ஏஜென்ட்தான் ஆங்கிலப் படிவத்தை நிரப்புகிறார், நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம். நீரிழிவு பற்றிய கேள்வி அதில் இருந்ததா, பதிலை எழுதியது யார், ஏஜென்டிடம் நோயைப் பற்றி வாயால் சொன்னீர்களா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பெரியாஸ்பத்திரி கிளினிக் கொப்பியில் நீரிழிவு முதலில் பதிவான திகதியையும் பாருங்கள். அது பொலிசிக்குப் பிந்தியது என்றால், மறைத்தார் என்ற பேச்சே நிற்காது.

இவற்றை வைத்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் முறையீடு அனுப்புங்கள். அங்கும் மறுத்தால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது காப்புறுதி நிறுவனங்கள் மீதான முறையீடுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவரிடம், போகலாம். கட்டணம் இல்லை. அவருடைய தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனமும் ஏற்க வேண்டும். உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் நீதிமன்றம் போகும் வழி மூடாது.

இன்னொரு வழி, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அது அரச அமைப்பு, ஆகவே தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. மறுப்புக் கடிதம், விண்ணப்பப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட், பில்கள் எல்லாவற்றிலும் போட்டோ பிரதி மட்டும் அனுப்புங்கள். மூலப்பிரதிகள் உங்களிடமே இருக்கட்டும்.