மலை வீதியில் கமரா எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்? – கேள்வி பதில்

தலவாக்கலையிலிருந்து: சேர், வேகக் கமரா வைத்தால் விபத்து குறையும் என்கிறார்கள். தண்டப்பணம் சேர்க்கத்தான் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

குறையும். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வில், கமராவுக்கு அண்மித்த பகுதிகளில் உயிரிழப்பு, கடும் காயம் ஏற்படுத்திய விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. "அண்மித்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்பத்தைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் அக்சிலேட்டர் என்று ஓட்டுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு வருடம் வழக்கத்தைவிட அதிக விபத்து நடந்த முடக்கில், எதுவும் செய்யாமல் விட்டாலும் அடுத்த வருடம் எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கும். அந்த இறக்கத்தையும் கமராவின் கணக்கில் எழுதிவிடுவார்கள். முன்னும் பின்னும் 3 வருடக் கணக்கையாவது வைத்து, கமரா இல்லாத இதே மாதிரி வீதியோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தண்டப்பணம் பற்றி: கமரா நன்றாக வேலை செய்தால் அதன் வருமானம் வருடா வருடம் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால் வைத்த இடம் பிழை, அல்லது நோக்கம் வேறு.

புசல்லாவையிலிருந்து: இரண்டு கமரா வைத்து சராசரி வேகம் பார்ப்பது எங்கள் வீதிக்குச் சரிவருமா அண்ணே?

தனிக் கமராவைவிட அது மேல். 10 கிலோமீற்றரை மணிக்கு 40இல் ஓடினால் 15 நிமிடம். 11 நிமிடத்தில் வந்தவர் சராசரி 54இல் வந்திருக்கிறார். பொறியில்லை, பதுங்கவும் முடியாது. நடுவில் தேத்தண்ணிக் கடையில் பத்து நிமிடம் நின்றவரை மட்டும் அது பிடிக்காது.

பண்டாரவளையிலிருந்து: எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பர் 4 இரவு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அங்கே கமரா இருந்திருந்தால் தடுத்திருக்குமா?

அந்த விபத்தின் காரணத்தைத் தீர்மானிப்பது விசாரணையின் வேலை. பொதுவாகக் கேட்டால், மலை இறக்கத்தில் கமரா பார்க்கும் இலக்கம் ஒன்று, ஆளைக் கொல்லும் இலக்கம் வேறு.

சட்டத்தில் காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70, முச்சக்கரவண்டிக்கு 40. இப்போது 20 மீற்றர் ஆரையுள்ள ஒரு கொண்டை முடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு போகும் சனம் நிறைந்த பஸ் அதில் சுமார் 28இல்தான் பத்திரமாகத் திரும்பும். 45இல் நுழைபவர் வேக எல்லைச் சட்டப்படி குற்றமே செய்யவில்லை, கமராவும் படம் எடுக்காது. ஆனால் வண்டி வெளிப்பக்கம் சாயும்.

ஈரமான 8 சதவீத இறக்கத்தில் 50இல் போகும் வாகனம் நிற்க, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் நேரத்தையும் சேர்த்து 50 மீற்றருக்கு மேல் வேண்டும். 30இல் என்றால் 24 மீற்றர் போதும். பல முடக்குகளில் எதிரே தெரியும் தூரமே 30 மீற்றர்தான். ஆகவே கமராவுக்கு முதல் செய்ய வேண்டியது, முடக்கு முடக்காக அளந்து 25, 30 என்று வேக எல்லைப் பலகை நடுவது. பலகை இல்லாத இடத்துக் கமரா தராசில்லாக் கடை.

அதே ஊரிலிருந்து: நான் பஸ் சாரதி. இறக்கத்தில் பிரேக் "விட்டுப்போவது" எப்படி? என்ன செய்யலாம்?

எல்லவிலிருந்து வெல்லவாய்க்கு உயர வேறுபாடு 800 மீற்றருக்கு மேல். 12 தொன் பஸ் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய 26 யூனிட் மின்சாரம். மாதம் 60 யூனிட் எரிக்கும் லயத்து வீட்டுக்கு அது பதின்மூன்று நாள் கரண்ட். எஞ்ஜினும் காற்றும் வாங்காத அத்தனையும் நான்கு டிரம்முக்குள் சூடாகப் போகும்.

சூடேறினால் மூன்று நடக்கும். டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங்கின் பிடிப்பு குறையும். டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். எஜஸ்ட்மென்ட் தளர்ந்த பஸ்ஸில், பிரேக்கைத் தள்ளும் தண்டான புஷ் ராட் முழுத் தூரம் ஓடியும் அழுத்தம் போதாது. பயத்தில் விட்டு விட்டு மிதிக்கும்போது பிரேக்கை இயக்கும் காற்றுத் தாங்கியின் அழுத்தமும் இறங்கும். பெடல் நன்றாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பிறகு ஆற வைத்துப் பரிசோதித்தால் பிரேக் "சரி" என்று வரும். "பிரேக் இருந்தது, சாரதி பொய் சொல்கிறான்" என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

செய்ய வேண்டியது: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், நடுவில் குறைக்கப் பார்த்தால் விழாமல் நியூட்ரலில் மாட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது தற்கொலை. புகைப் பாதையை அடைத்து எஞ்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று காலையில் பாருங்கள். காலை மெல்ல வைத்தபடியே இறங்க வேண்டாம்: வேகம் 30க்கு ஏறியதும் மூன்று செக்கன் நன்றாக மிதித்து 22க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுங்கள். கியர் சரியென்றால் இப்படி அடிக்கடி மிதிக்க வேண்டி வராது. வந்தால் இன்னும் ஒரு கியர் குறைவாக இறங்கியிருக்க வேண்டும்.

கருகல் மணம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். எல்லாமே போய்விட்டால் பள்ளப் பக்கத்தை மறந்து மலைப் பக்கத்து மண்ணில் உரசுங்கள். பஸ் நாசமாகும், போகட்டும்.

ஹட்டனிலிருந்து: முடக்கில் ஸ்பீட் கன் பிடித்து 62 என்றார்கள். முடக்கில் அது கூட்டிக் காட்டும்தானே?

இல்லை தம்பி, குறைத்துத்தான் காட்டும். கன் நேர் எதிரே இல்லாமல் சாய்வாகப் பார்த்தால் வாசிப்பு இறங்கும்: 10 பாகையில் 1.5 சதவீதம், 20 பாகையில் 6 சதவீதம். 62 என்று வந்தால் உண்மையில் 62 அல்லது அதைவிடக் கூட.

உங்கள் வாதத்துக்கு இடம் வேறிடத்தில் இருக்கிறது. ரேடார் கற்றை விரியும். 12 பாகை விரிவுள்ள கன் 150 மீற்றரில் 30 மீற்றர் அகலத்தை நனைக்கும், அதாவது வீதி முழுவதும். உங்களுக்குப் பின்னால் வேகமாக வந்த லொறியின் இலக்கம் உங்கள் பெயரில் விழலாம். லேசர் கன்னில் அந்தச் சிக்கல் குறைவு, அதே தூரத்தில் அதன் புள்ளி அரை மீற்றர்தான். ஆனால் மூடுபனியில் அது தடுமாறும். எந்த வகைக் கன், முன்னும் பின்னும் வாகனம் இருந்ததா என்பதை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நானுஓயாவிலிருந்து: கமரா வேண்டாம், பெரிய வண்டியை நிறுத்துங்கள் என்கிறோம். சரியா?

உங்கள் ரதல்ல குறுக்கு வீதிக்கு முழுக்கச் சரி. 2023 ஜனவரியில் மாணவர்களை ஏற்றிய பஸ் வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்த பிறகு, அவ்வீதியில் கனரக வாகனங்களுக்குத் தடை வந்தது. செங்குத்தான குறுக்கு வழியில் பாரமான வண்டியே வராவிட்டால் பிரேக் சூடாகும் கேள்வியே இல்லை. தடை தாளில் மட்டும் இருந்தால் பயனில்லை. இரு முனையிலும் உயரத் தடைக் குறுக்குக்கம்பி வேண்டும், அம்புலன்ஸ் போகும் உயரத்தில்.

ரம்பொடையிலிருந்து: பள்ளப் பக்கம் முழுக்க இரும்பு வேலி போட்டால் போதாதா?

எந்த வேலி என்பதுதான் கேள்வி. டபிள்யூ வடிவத் தகட்டு வேலி பெரும்பாலும் காருக்கானது. ஐரோப்பிய ஈஎன் 1317 தரத்தில் என்2 என்றால் 1.5 தொன் காரால் மோதிப் பார்த்தது. எச்2 என்றால் 13 தொன் பஸ்ஸை 70இல், 20 பாகைக் கோணத்தில் மோதித் தாங்கியது. பஸ் ஓடும் பாதைக்கு எச்2 வேண்டும். இன்னொரு பலவீனம் மண்: விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நட்ட கம்பம் மழையில் அடிமண் கரைந்து வெறுமனே நிற்கும். கம்பத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் படமெடுத்து வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு அனுப்புங்கள்.

லிந்துலையிலிருந்து ஓர் ஆசிரியை: பாடசாலை முன்னால் வேகம். கமரா கேட்டால் ஆண்டுக் கணக்கில் ஆகும். நாங்களாக எதைச் செய்யலாம்?

டீச்சர், முதலில் ஆதாரம் சேருங்கள். வீதியோரமாக 50 மீற்றர் அளந்து இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். போனில் வீடியோ எடுத்து நேரம் பாருங்கள்: 6 செக்கன் என்றால் 30, 3.6 என்றால் 50. பாடசாலை விடும் நேரத்தில் முன்னால் தடை இல்லாமல் ஓடிய 100 வாகனத்தை எழுதுங்கள். வேகமானதிலிருந்து எண்ணி 15ஆவது வாகனத்தின் வேகம்தான் பொறியியலாளர் கேட்கும் இலக்கம்.

அந்தத் தாளோடு வேகத்தடை கேளுங்கள்: 3.7 மீற்றர் நீளம், 7.5 முதல் 10 சென்ரிமீற்றர் உயரம், வட்ட முதுகு. கூரான சின்ன மேடு பஸ்ஸின் ஸ்பிரிங்கை உடைக்குமே தவிர மோட்டார் சைக்கிளை நிறுத்தாது. செங்குத்து இறக்கத்தில் போட விடாதீர்கள், மழைநீர் வழியும் பக்கத்தில் கானை அடைக்கவும் விடாதீர்கள். ஏ தர வீதி என்றால் விண்ணப்பம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, உள்ளூர்ப் பாதை என்றால் பிரதேச சபைக்கு. பிரதியொன்றைப் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வையுங்கள்.

அப்புத்தளையிலிருந்து: பனிமூட்டத்தில் எந்த விளக்கு?

டிம் மட்டும். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நிற்பதாக இருந்தால் மட்டும் நான்கு சிக்னலும்.