வெளிப்பூச்சை எப்போது கொத்தி எடுக்க வேண்டும்?

கார்த்திகை மழை ஓய்ந்து சுவர்கள் காயத் தொடங்கியதும் வெளிப்பூச்சைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வெளிப்பூச்சுப் பூசி 22 ஆண்டுகள் ஆகின்றன. மேற்குச் சுவரில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. முழுவதையும் கொத்திவிட வேண்டும் என்கிறார் கொத்தனார். பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவு) வைத்து அடித்தால் போதும் என்கிறார் பெயின்டர். யார் சொல்வது சரி? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: இருவரில் எவராவது சுவரைத் தட்டிப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். பூச்சின் வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முறையாகத் தண்ணீர் விட்டு நனைத்துவந்த பூச்சு முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்பதையும், கோடை வெயிலில் பூசி இரண்டே நாளில் நனைப்பதை நிறுத்திவிட்ட பூச்சு ஐந்தாம் ஆண்டிலேயே பெயர்வதையும் ஒரே தெருவில் நான் பார்த்திருக்கிறேன்.

கரணையின் மரக்கைப்பிடியால் அடிக்கு ஓர் இடமாகச் சுவர் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கலைப் பற்றியிருக்கும் இடத்தில் கெட்டியான ஓசை எழும். பிரிந்து நிற்கும் இடத்தில் பொள்ளலாக, பானையைத் தட்டியது போலக் கேட்கும். பொள்ளலான இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அந்த இடங்களை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்துப் பூசினால் போதும். சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொள்ளலாக இருந்தால், அந்த முகப்பை முழுவதும் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் அனுபவக் கணக்கு. ஏனென்றால், கொத்தும் அதிர்ச்சியில் மிச்சமிருக்கும் பூச்சும் பிடிப்பை இழந்துவிடும்.

அடுத்ததாக, ஓர் ஆணியால் பூச்சைக் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் கவலையில்லை. மணல் பொலபொலவென்று கொட்டினால் பூச்சில் உயிர் இல்லை என்று பொருள், அதன்மேல் எந்தப் பட்டியும் நிலைக்காது. ஓசையும் கெட்டியாக இருந்து, மணலும் உதிராமல், பெயின்ட் மட்டுமே உரிகிறது என்றால் உங்கள் பெயின்டர் சொல்வதே சரி. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் காய்ந்து விரிந்து இரவில் சுருங்குவதால், மற்றச் சுவர்களைவிட அங்கே பெயின்ட் முன்னதாகவே உரியும்.

புதிதாகப் பூசுவதானால் தை, மாசி மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். 1 பங்கு சிமெண்டுக்கு 5 பங்கு மணல் போதும். சிமெண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் சுருக்க வெடிப்பைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். கிரஷர் தூசி கலந்த மணலாலும் அதே கேடு வரும். ஒரே தடவையில் கனமாக அப்பாமல் இரண்டு அடுக்காகப் பூசச் சொல்லுங்கள். பூசிய பின் ஏழு நாளாவது காலையும் மாலையும் நனையுங்கள்.

கேள்வி: கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. சன்ஷேடின் அடியிலும் தூண்களிலும் பூச்சு நீளவாக்கில் வெடித்துப் பழுப்புக் கறை இறங்குகிறது. இரண்டு முறை பூசியும் அதே இடத்தில் மறுபடி வெடிக்கிறது. (வாசகி, உவரி)

பதில்: அம்மா, இது பூச்சின் நோய் அன்று, உள்ளே இருக்கும் கம்பியின் நோய். கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிப்பதால், உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டையே பிளக்கிறது. வெடிப்பு நேர்கோடாகக் கம்பி போகும் வழியிலேயே போவதும், பழுப்புக் கறை இறங்குவதும் இதற்கு அடையாளம். கட்டும்போது உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேடு இன்னும் விரைந்து வரும்.

மூன்றாம் முறையும் மேலே பூசிப் பணத்தை வீணாக்காதீர்கள். கம்பியைச் சுற்றிலும், அதன் பின்புறம் விரல் நுழையும் அளவுக்கும் பழைய கான்கிரீட்டை எடுத்து, துருவைப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகே அடைக்க வேண்டும். தூணில் கை வைக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் முட்டுக் கொடுக்காமல் கொத்தக் கூடாது; இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

கேள்வி: தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். முழுவதும் கொத்தி சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள். (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: அவசரப்பட்டுக் கொத்திவிடாதீர்கள். காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டையோ நீர் புகாத பெயின்டையோ பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மென்மையான பழைய செங்கலைக் கரைக்கத் தொடங்கும். பல வீடுகளில் காரை உதிர்ந்ததற்கே, இடையில் எப்போதோ அடித்த பிளாஸ்டிக் பெயின்டுதான் காரணமாக இருந்திருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடித்த வழக்கம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அந்தச் சுண்ணாம்பு நீர்தான் மயிரிழை வெடிப்புகளை அடைத்துவந்தது.

தட்டிப் பார்த்துப் பொள்ளலான இடங்களை மட்டும் எடுங்கள். நன்றாக ஊறிய சுண்ணாம்பையும் மணலையும் செங்கல் பொடியையும் குழைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பூசும் வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். நாள் அதிகம் பிடிக்கும், கூலியும் கூடும். ஆனாலும் அந்தச் சுவருக்கு ஏற்றது அதுவே.

கேள்வி: கரிசல் மண்ணில் கட்டிய வீடு. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. கோடையில் விரிந்து மழையில் சுருங்குகிறது. (வாசகர், சங்கரன்கோவில் அருகே)

பதில்: மண் காய்ந்து சுருங்குவதும் நனைந்து உப்புவதுமாக அஸ்திவாரத்தை அசைக்கிறது, பூச்சை மாற்றிப் பயனில்லை. வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் அசைவு நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். சுவரை ஒட்டி மரம் வளர்க்காமல், வாருகால் நீரும் கூரை நீரும் அடியில் தேங்காமல் பார்த்துக்கொண்டு, பொறியாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. பிப்ரவரியிலேயே வெளிப்பூச்சைப் புதிதாகப் பூசினோம். இப்போது அதே உயரம்வரை உப்புப் பூத்து உதிர்கிறது. (வாசகி, திருநெல்வேலி வண்ணார்பேட்டை)

பதில்: 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறிவந்த பகுதிகளில் இதே துன்பத்தைப் பலரும் அனுபவித்து வருகிறார்கள். தவறு உங்களுடையதன்று, வீடு பழையபடி ஆக வேண்டும் என்ற தவிப்பில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் நீரில் ஊறிய செங்கல் சுவர் காய்வதற்கு, தோராயமாக அங்குலத்துக்கு ஒரு மாதம் பிடிக்கும். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு மாதம் எப்படிப் போதும்? உள்ளே அடைபட்ட நீர் வெளியேறும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவந்து பூச்சின் பின்னால் சேர்க்கிறது.

உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சை எடுத்துவிட்டுச் செங்கலை வெறுமனே விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உப்புப் பூப்பது நின்ற பின், ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுத்து மறுபடி ஒட்டுங்கள். தாள் உலர்ந்தபடி வரும் நாளில் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பலாம்.