பாத்ரூம் போகும்போது துப்பாக்கியை என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டல்லாஸ் பக்கம் பத்து வருடத்துக்கு மேலாகக் கைத்துப்பாக்கி வகுப்பு எடுக்கிறேன். குறி பார்ப்பது, லைசென்ஸ், எந்தக் கடைக்குள் கொண்டுபோகலாம் என்பதையெல்லாம் எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்பார்கள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒருவர் மட்டும் பார்க்கிங்கில் சாவியை உருட்டிக்கொண்டு நிற்பார். "சார், ஒரு விஷயம் கேட்கணும்..." என்று இழுத்தாலே புரிந்துவிடும், பாத்ரூம் விஷயம்தான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அந்த ரகம். சட்டம் வரும் இடங்களில் டெக்சஸை வைத்துத்தான் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்கே என்ன சட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்புக்குள் செருகும் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) துப்பாக்கி வைத்திருக்கிறேன். பொதுக் கழிப்பறையில் உட்கார வேண்டி வந்தால் பெல்ட்டைக் கழற்றியதும் பேன்ட் அப்படியே கீழே இழுக்கிறது. துப்பாக்கியை வெளியே எடுத்து வைத்துவிடலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். துப்பாக்கி ஹோல்ஸ்டரை விட்டு வெளியே வரக்கூடாது. தவறி வெடிக்கும் சம்பவங்களில் பெரும்பாலும் யாரோ துப்பாக்கியைக் கையில் எடுத்திருப்பார்கள்: எடுத்தார், வைத்தார், மறுபடி செருகினார். ஹோல்ஸ்டருக்குள் டிரிகர் மூடியபடி கிடக்கும் துப்பாக்கி தானாக ஒன்றும் செய்யாது. 2014 செப்டம்பரில் யூட்டா மாநிலம் டெய்லர்ஸ்வில்லில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் துப்பாக்கி ஆசிரியர் கழிப்பறையில் வெடித்தது. குண்டு பட்டது கழிப்பறைப் பீங்கானில். அது சிதறி அவர் காலைக் கிழித்தது. பக்கத்து ஸ்டாலில் (தடுப்பு வைத்த கழிப்பறை அறையில்) ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தடுப்புப் பலகை கண்ணைத்தான் மறைக்கும், குண்டைத் தடுக்காது.

சரி, செய்ய வேண்டியது இது. பக்கிளைக் கழற்றும் முன்பே ஒரு கையால் ஹோல்ஸ்டரையும் துப்பாக்கியையும் வெளிப்புறமாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள். பேன்ட்டைக் கணுக்கால் வரை விடாமல் முழங்கால் வரை மட்டும் இறக்கிவிட்டு உட்காருங்கள். முழங்காலை லேசாக அகட்டினால் துணி இழுபட்டு நிற்கும். அப்புறம் பெல்ட்டை அந்த இடத்திலேயே மறுபடி ஒரு ஓட்டையில் மாட்டிவிடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் துப்பாக்கி சாயாது. அமெரிக்க ஸ்டால் கதவுக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும் அல்லவா, பேன்ட் மேலேயே நிற்பதால் அந்த வழியாக யார் கண்ணிலும் படாது.

வயிற்றுப் பக்கம் வைப்பவர்களுக்கும் குழல் நீளமான துப்பாக்கி வைப்பவர்களுக்கும் இது சரிப்படாமல் போகலாம். அவர்கள் ஹோல்ஸ்டரின் கிளிப்பை விடுவித்து, துப்பாக்கியை அதற்குள்ளேயே விட்டு, மொத்தமாக எடுத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவே தொட்டில் மாதிரி நிற்கும் உள்ளாடைத் துணியில் வைத்துக்கொள்ளலாம். குழல்முனை உங்கள் தொடைப் பக்கமோ அடுத்த ஸ்டால் பக்கமோ திரும்பாமல் முன்னால் கீழ்நோக்கி இருக்கட்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதை மறந்துவிட்டு எழுந்திருக்கவே முடியாது.

எழும்போது முதலில் ஹோல்ஸ்டர் இடுப்புக்கு வர வேண்டும், பிறகு பெல்ட், கடைசியில் சட்டை. சட்டை நுனி டிரிகர் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அவசரப்படாதீர்கள், வெளியே யார் கதவைத் தட்டினாலும் சரி.

இதையெல்லாம் முதல் தடவை நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாவில் செய்து பார்க்காதீர்கள். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றி, சேம்பரில், அதாவது குழலின் பின்பக்க அறையில், தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வீட்டுப் பாத்ரூமில் நாலைந்து தடவை பழகுங்கள். கூடவே ஒரு சோதனை. காலித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் போட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். கீழே விழுந்தால் அந்த ஹோல்ஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

நின்றுகொண்டு போகும்போது? (ஆஸ்டின்)

ஜிப் போதும். பெல்ட்டில் கை வைக்க வேண்டாம். ஓரத்து யூரினல் கிடைத்தால் துப்பாக்கி இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நில்லுங்கள். ஸ்டால் காலியாக இருந்தால் அங்கேயே போய்விடுவது இன்னும் நல்லது.

கதவுக்குப் பின்னால் கொக்கி இருக்கிறது, பேப்பர் பெட்டி மேல் இடமிருக்கிறது, ஃப்ளஷ் டேங்க் மூடி இருக்கிறது. அதிலெல்லாம் வைப்பதில் என்ன தப்பு? எனக்கு மறதி கிடையாது. (ஃபிரிஸ்கோ)

மறதி கிடையாது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். 2015-ல் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே காவல் காக்கும் கேபிடல் போலீஸ்காரர்கள் சில மாதங்களுக்குள் மூன்று முறை துப்பாக்கியைக் கழிப்பறையில் விட்டுவிட்டு வந்தார்கள். ஜனவரியில் பார்வையாளர் மையத்தில், டாய்லெட் சீட்டுக்கான காகித உறைகள் வைக்கும் பெட்டியில் செருகியபடி ஒன்று கிடந்தது. மார்ச்சில் சபாநாயகர் அலுவலகப் பகுதியின் கழிப்பறையில் ஒன்று. அதைக் கண்டெடுத்தது அங்கே வந்திருந்த ஏழெட்டு வயதுக் குழந்தை. ஏப்ரலில் போலீஸ் தலைமையகத்திலேயே துப்புரவுப் பணியாளர் ஒருவர் மூன்றாவதைக் கண்டெடுத்தார். இத்தனைக்கும் பிறகு 2019-ல் அதே பார்வையாளர் மையத்தில் மறுபடி நடந்தது, இந்த முறை ஒரு லெப்டினன்ட். 2020 பிப்ரவரியில், முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனின் மெய்க்காவலர் நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும் விமானத்தின் கழிப்பறையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தார். கூடவே தலைவரின் பாஸ்போர்ட்டும்.

இவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு துப்பாக்கி சுமப்பவர்கள். உங்களையும் என்னையும்விட அதிகப் பயிற்சி எடுத்தவர்கள். இது ஞாபகசக்தி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. போன் அடித்தால் யாராக இருந்தாலும் கவனம் சிதறும், அவ்வளவுதான். உடம்போடு இருக்கும் பொருளை மறக்க முடியாது, பெட்டி மேல் வைத்ததை மறக்கலாம்.

கொக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தைக் கொக்கியில் மாட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிரிகர் இருக்கும் வளையத்துக்குள் ஓர் இரும்புக் கம்பியை விடுகிறீர்கள். குளோக் மாதிரியான துப்பாக்கிகளில் தனியாகத் தள்ளிவிடும் சேஃப்டி விசை கிடையாது. டிரிகரை அழுத்துவது விரலா கொக்கியா என்று அதற்குத் தெரியாது.

நான் ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன். ரெஸ்ட்ரூமில் பையை எங்கே வைப்பது? (பெண் வாசகர், சான் அன்டோனியோ)

மடியில், இல்லாவிட்டால் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கதவுக் கொக்கியில் மாட்டினால் மேலே கை விட்டு எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். தரையில் வைத்தால் கீழே கை விட்டு இழுக்கலாம். நீங்கள் எழுந்து துரத்தும் நிலையில் இருக்க மாட்டீர்கள். பைக்குள் துப்பாக்கிக்கென்று தனி அறை வேண்டும், அதற்குள்ளும் டிரிகரை மூடும் ஹோல்ஸ்டர் வேண்டும். சாவியும் லிப்ஸ்டிக்கும் கிடக்கும் இடத்தில் அது கிடக்கக்கூடாது.

உண்மையைச் சொன்னால் ஹேண்ட்பேக் எனக்குப் பிடிக்காத வழி. சல்வார் நாடாவில் ஹோல்ஸ்டர் நிற்காது என்பதும் தெரியும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை கிடைக்கிறது, டிரிகர் பகுதிக்குக் கெட்டியான உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பாத்ரூமில் அதைக் கழற்றவே வேண்டியதில்லை.

நான் சிட்டிசன், மனைவி எச்1பி. பயணத்தில் ரெஸ்ட்ரூம் போகும்போது ஹோல்ஸ்டரோடு கழற்றி அவர் பையில் போட்டுவிட்டுப் போவேன். இரண்டு நிமிஷம்தானே? (இர்விங்)

ஐயா, இதை இன்றோடு நிறுத்துங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஜி) பிரிவுப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது. 1998 முதல் இப்படித்தான். எச்1பி, எச்4, எஃப்1, ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் அம்மா அப்பாவின் பி2 எல்லாம் இதில் அடங்கும். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே சுமக்கலாம் என்று வந்ததே, அது மாநிலச் சட்டம். கூட்டாட்சித் தடையை அது நீக்காது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

"வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை. கையில் இருந்தாலே போதும், நேரம் கணக்கில்லை. 2022-ல் திருத்திய பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள். தடை உள்ளவர் என்று தெரிந்தே கொடுத்தவருக்கும் அதே அளவு. உங்கள் மனைவிக்கு ஜெயில் ஆபத்தோடு விசா, கிரீன் கார்டு எல்லாம் போகும் ஆபத்தும் சேர்ந்து வரும். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆனால் அதை நம்பி மனைவியின் பையில் துப்பாக்கி போடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

மாமனாரிடம் "கொஞ்சம் பிடிங்க மாமா" என்று கொடுப்பதும் இதே கதைதான். முதல் பதிலில் சொன்ன மாதிரி நீங்களே வைத்துக்கொண்டு போங்கள்.

அப்படியானால் காரிலேயே பூட்டிவிட்டுப் போகலாம் இல்லையா? (அதே இர்விங் வாசகர்)

போகலாம். வழியில் ஒவ்வொரு பக்கீஸ் பெட்ரோல் பங்க்கிலும் நிறுத்தி எடுத்து, வைத்து, திரும்பச் செருகினால் ஹூஸ்டன் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை துப்பாக்கியைக் கையாண்டிருப்பீர்கள், அதுவும் ஸ்டீயரிங்குக்கும் கியருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு. சட்டப்படி உள்ளே கொண்டுபோக முடியாத இடம் என்றால் மட்டும் காரில் வையுங்கள். ஹோல்ஸ்டரோடு, சீட்டுக் காலில் கம்பி வடத்தால் கட்டிய இரும்புப் பெட்டிக்குள். கிளவ் பாக்ஸ் வேண்டாம். திருடன் முதலில் திறப்பதே அதைத்தான்.

நாலு வயது மகனை ஸ்டாலுக்குள் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. சட்டை தூக்கினால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான், சத்தமாக. (பிளேனோ)

என் பையனும் அந்த வயதில் "அப்பா, உங்க கன் தெரியுது" என்று மொத்த ரெஸ்ட்ரூமுக்கும் அறிவித்திருக்கிறான். நல்ல வேளை, தமிழில். இருந்தாலும் "கன்" என்பது எல்லார் காதுக்கும் புரிந்துவிட்டது. டெக்சஸில் துப்பாக்கி ஹோல்ஸ்டரில் இருந்தபடி வெளியே தெரிவது தன்னளவில் குற்றம் இல்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஃபேமிலி ரெஸ்ட்ரூம் இருந்தால் அதையே தேடிப் போங்கள். அது இல்லாத இடத்தில், பையனை நீங்கள் துப்பாக்கி வைக்காத பக்கம் நிறுத்துங்கள். அவன் வேலைக்குக் குனியும்போது முட்டி போட்டு உட்காருங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். உங்கள் முறை வரும்போது துப்பாக்கி உங்கள் இரண்டு காலுக்கு நடுவே உங்கள் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், அவன் கைக்கு எட்டும் பெட்டி மேல் அல்ல. குண்டு போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு, 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் அது கிடைத்தாலே டெக்சஸில் வழக்குப் போடலாம். அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது பலத்த காயமோ மரணமோ ஏற்பட்டால் ஒரு வருடம் வரை ஜெயில்.

ஒருமுறை கை நழுவிக் கீழே விழப் பார்த்தது, சட்டென்று பிடித்துவிட்டேன். என் ரிஃப்ளெக்ஸ் எப்படி? (லபக்)

மோசம். விழட்டும். இப்போதைய துப்பாக்கிகள் விழுந்தால் வெடிக்காதபடிதான் வடிவமைக்கப்படுகின்றன. பாய்ந்து பிடிக்கும்போது விரல் நேராக டிரிகருக்குள் போவதுதான் ஆபத்து. சிக் சாவர் பி320 சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்து, 2017 ஆகஸ்டில் கம்பெனியே இலவசமாக மாற்றித்தருவதாக அறிவித்தது. அந்த மாடலைப் பழையதாக வாங்கியிருந்தால் மாற்றம் செய்யப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாய்லெட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டால்? வெளியே எடுத்து, டிஷ்யூவில் துடைத்து, ஹோல்ஸ்டரில் போட்டு, வீட்டுக்குப் போய்க் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுங்கள். கையையும் கழுவுங்கள், சொல்லவே தேவையில்லை.

வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது எங்கே வைப்பது? (பேர்லேண்ட்)

2019 செப்டம்பருக்குப் பிறகு டெக்சஸ் சட்டம் வழிபாட்டு இடங்களையும் மற்ற இடங்கள் மாதிரியே நடத்துகிறது. கோயில் நிர்வாகம் போர்டு வைத்தோ வாயால் சொல்லியோ தடுத்தால் ஒழிய, லைசென்ஸ் உள்ளவர் கொண்டுபோகலாம். அது சட்டம். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் முக்கால் கிலோ எடையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. கோயில் பாத்ரூமில் வேட்டியை மடித்துக் கட்டும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ரெஸ்ட்ரூமில் வேறு யாரோ விட்டுவிட்டுப் போன துப்பாக்கியைப் பார்த்தால்? (எல் பாசோ)

தொடாதீர்கள். யாருடையது, எதற்கு அங்கே இருக்கிறது, குண்டு இருக்கிறதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஸ்டாலுக்கு வெளியே நின்று வேறு யாரையும் உள்ளே விடாதீர்கள். அங்கிருந்தே 911-க்குப் போன் செய்யுங்கள், கடை ஆள் யாரையாவது குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள். 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டீர்ஃபீல்ட் பீச்சில் கடலுக்குள் நீளும் பாலத்தின் கழிப்பறையில் ஓர் ஆசிரியர் தன் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தார். அவர் திரும்பி ஓடுவதற்குள், குடித்திருந்த ஒருவர் அதை எடுத்துச் சுவரில் சுட்டுவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. விட்டுவிட்டு வந்த ஆசிரியர் மேலேயும் வழக்கு வந்தது.

உரிமையாளரே மூச்சு வாங்க ஓடி வந்து "என்னுடையதுதான், கொடுங்கள்" என்றால்? நீங்கள்தான் அதைத் தொடவே இல்லையே. போலீஸ் வரட்டும், அவரிடம் பேசிக்கொள்ளட்டும்.