கண்ணாடி வர்ற பக்கம்

கடிதம்:

அக்கா வணக்கம். தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன். பொண்ணு ஆறாவது படிக்கிறா, ஸ்கூல் லைப்ரரில ஹாரி பாட்டர் மொதல் புக்கு எடுத்துனு வந்து பாதி படிச்சிட்டா. அவங்க அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆவுது. போன வாரம் நைட்டு படுத்துக்கினே, "இந்தக் கதைல ஒரு கண்ணாடி இருக்குதும்மா, அதுல பாத்தா செத்துப்போன அப்பா அம்மா தெரியுறாங்க, அந்த மாதிரி நமக்குக் கெடைக்குமா"ன்னு கேட்டா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. சபைல சொன்னேன், பைபிள்ல உபாகமம் 18 எடுத்துக் காட்டி இது மந்திரவாதம், வீட்டுல வைக்காதீங்கன்னாங்க. பரண் மேல போட்டுட்டேன். அவ என்கிட்ட சரியா பேசறதில்ல. நான் செஞ்சது தப்பாக்கா?

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டரை மூணு வாட்டி படிச்சேன். நீங்க பயந்ததுல தப்பே இல்ல. நம்ம ஏரியால அமாவாசை முடிஞ்ச காலைல தெருமுனைல குங்குமம் தடவின பூசணிக்கா ஒடஞ்சி கெடக்கும், எலுமிச்சம்பழத்த மிதிச்சிடாதடான்னு புள்ளைங்கள கையப் புடிச்சி தாண்ட வச்சி ஸ்கூலுக்கு இட்டுனு போறோம், வீட்டுல ஒருத்தர் ஒடம்பு சரியில்லாம படுத்தா செய்வினைன்னு சொல்லிக் காசு புடுங்க ஆள் வந்துடுது. உபாகமம் வசனம் அவங்களத்தான் சொல்லுது: குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன். எல்லாம் நெஜமா செய்றவங்க, நெஜமா நம்பிப் போறவங்க. கதைல ஒரு பையன் குச்சிய ஆட்டுறான்னா, உங்க பொண்ணும் பென்சில ஆட்டிப் பாத்திருப்பா, ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்கே தெரியும்.

கண்ணாடி விஷயம் வேற. அத அவ ஆசையா கேட்டிருக்கா. ஆனா நீங்க புக்கை எந்த எடத்துல புடுங்கினீங்கன்னு பாருங்க. அந்தப் பையன் ராத்திரி ராத்திரி போயி கண்ணாடி முன்னாடியே ஒக்காந்து கெடக்குறான், சாப்பாடு கூட புடிக்கல. மூணாவது ராத்திரி ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர் அவன் பின்னாலயே ஒக்காந்திருக்காரு. இது முன்னாடி ஒக்காந்தே வீணாப்போனவங்க, பைத்தியமானவங்க இருக்காங்க, நாளைக்கு இத வேற எடத்துக்கு மாத்திடுவோம், தேடிப் போவாதன்னு சொல்றாரு. உங்க சபைல சொன்ன அதே புத்திதான், ஆனா அத அதட்டாம, பக்கத்துல ஒக்காந்து சொல்றாரு. அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள புக்கு பரணுக்குப் போயிடுச்சு.

எனக்கும் இது நடந்திருக்கு. ராயபுரத்துல நாங்க இருந்தப்ப விக்ரமாதித்தன் கதை புக்கு ஒண்ணு, அட்டை இல்லாதது, பாதி படிச்சிட்டு இருந்தேன். வேதாளம்னு பாத்ததும் எங்க ஆயா அத வெந்நீர் அடுப்புல வச்சிட்டாங்க. ஓரம் சுருண்டு சுருண்டு எரிஞ்சது இன்னும் கண்ணுல நிக்குது. ராஜா தப்பிச்சானான்னு தெரியாமயே போச்சு, அதனால அந்த வேதாளம் ரொம்ப வருஷம் எங்க வீட்டு மாடிப்படில தொங்கிக்கினு இருந்துச்சு, இருட்டுன அப்புறம் நான் மொட்டமாடிக்கே போனதில்ல.

அமெரிக்காவுல 2001 டிசம்பர்ல, அலமகோர்டோன்னு ஒரு ஊர்ல, ஒரு சபைக்காரங்க இந்த ஹாரி பாட்டர் புக்குங்களத் தீ வச்சிக் கொளுத்தினாங்க. எபேசு பட்டணத்துலயும் எரிச்சாங்கன்னு அப்போஸ்தலர் 19ல வருதே, அதுவும் 50,000 வெள்ளிக்காசு பெறுமான புக்குங்கன்னு கேப்பாங்க. அந்த வசனத்த நிதானமா படிங்க. "தங்கள் புஸ்தகங்களை"ன்னு இருக்கு. மாயவித்தை செஞ்சவங்க, அவங்க தொழிலுக்கு வச்சிருந்த புக்கை அவங்களே மனசு மாறிக் கொண்டாந்து எரிச்சாங்க. ஒரு புள்ள கையில இருக்குற கதைய புடுங்கறது அதுல சேராது. சபைல சொன்னவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா அவங்க அந்தப் புக்கைப் பிரிச்சிப் பாத்திருந்தா இப்படி சொல்லியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. இந்தக் கதையோட ஏழாவது புக்குல அந்தப் பையன் அவன் அப்பா அம்மா கல்லறைக்கே போயி நிக்கிறான். அந்தக் கல்லுல செதுக்கியிருக்குறது 1 கொரிந்தியர் 15:26. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்." உங்க பைபிள்ல எடுத்துப் பாருங்க.

இன்னிக்கு நைட்டு புக்கை எறக்குங்க. அவள பக்கத்துல ஒக்கார வச்சி கண்ணாடி வர்ற எடத்துல இருந்து நீங்களே சத்தமா படிங்க. நடுவுல அப்பா பேச்சு வரும், அழுவா, நீங்களும் அழுவீங்க, பரவால்ல, மூடி வச்சிட்டு அவரப் பத்தி பேசுங்க. ஆனா அந்தப் பெரியவர் வந்து பக்கத்துல ஒக்கார்ற வரைக்குமாவது படிச்சிடுங்க.