ஊருக்குப் போகும்போது பூனையை எங்கே விடுவது?

துபாய்க்கு ஒரு மாதம் போகிறோம் அக்கா. பூனையை வீட்டிலேயே விட்டு, பக்கத்து வீட்டில் சாப்பாடு வைக்கச் சொல்லலாமா? (கீழக்கரை)

மூன்று நான்கு நாள் என்றால், தினம் இரண்டு முறை வந்து பார்க்க ஆள் இருந்தால், வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு மாதத்துக்குக் காப்பகம்தான் சரி. சாப்பாட்டுக்காகச் சொல்லவில்லை, கவனிப்புக்காகச் சொல்கிறேன். கடுவன் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போகிறவர் கண்ணில் அது படாது.

காப்பகத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஏசி, டைல்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, ஏறி உட்கார ஒரு பலகை, சாப்பாட்டுக்கும் மணல் தட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பினாயில் வாடை அடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே உடம்புக்கு ஆகாது.

அப்புறம், நீங்கள் படுத்த போர்வை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்து அனுப்புங்கள். பூனைக்கு வீடு என்பது முக்கால்வாசி வாசனைதான்.

எங்கள் பூனைக்குச் சூடை மீன்தான் வேண்டும், அதுவும் பச்சையாக. காப்பகத்தில் பட்டினி கிடக்குமோ? (மண்டபம்)

கிடக்கத்தான் பார்க்கும். நம் கரையோரப் பூனைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பூனைப் பட்டினியை 'பசித்தால் தானே தின்னும்' என்று விடவே கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே உங்களுக்குப் போன் வர வேண்டும் என்று காப்பகத்தில் சொல்லி வையுங்கள்.

மத்தி, சூடை போன்ற மீன்கள் பலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகவே தின்றால் நாளடைவில் தலை தொங்கும், நடை தள்ளாடும், வலிப்புகூட வரலாம். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம், சும்மா தண்ணீரில் வேகவைத்தால் போதும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே வெந்த மீனில் கொஞ்சம் பூனைத் தீவனத்தைப் பிசைந்து, நாளுக்கு நாள் தீவனத்தைக் கூட்டுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு.

வாசல் தாண்டாத பூனைக்கு எதற்குத் தடுப்பூசி? (பாம்பன்)

பூனை தாண்டாவிட்டாலும் நம் செருப்பு தாண்டுகிறதே. பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா வைரஸ் ஓர் இடத்தில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஊசி போடாத பூனையைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் காப்பகத்தில் உங்கள் பூனையை விடாதீர்கள். கடைசி ஊசிக்கும் காப்பகத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

பர்ஷியன் பூனை, சித்திரை வெயில், அடிக்கடி கரண்ட் கட். (தொண்டி)

இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் மட்டும் விடுங்கள். சப்பை மூக்குப் பூனை வாயைத் திறந்து இரைத்தால் பாதத்தையும் காதையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது.

இரண்டு பூனைகளில் ஒன்றை மட்டும் காப்பகத்தில் விட்டுக் கூட்டிவந்தோம். வீட்டில் இருந்தது அதைப் பார்த்துச் சீறுகிறது. ஐந்து வருடச் சிநேகிதம் அக்கா! (தேவிபட்டினம்)

மனசு வலிக்கும்தான், ஆனால் சிநேகிதம் போய்விடவில்லை. வந்த பூனை மேல் வேறு இடத்து வாடை வீசுகிறது, மற்றதற்கு அது அந்நியம். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் இன்னும் அந்நியமாகிவிடும். தனி அறையில் விட்டு, ஒரு துணியால் ஒன்றைத் தடவி அதே துணியால் மற்றதையும் தடவுங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுக்கும் சாப்பாடு வையுங்கள். சீறாமல் தின்னத் தொடங்கியதும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். அடுத்த முறை இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள், ஒரே அறையில்.