அயர்லாந்து வார இறுதி ரேஸ்களில் எந்தக் குதிரைமேல் பணம் கட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? ஜெயிக்க அதிக வாய்ப்பு என்று எல்லோரும் நினைக்கும் ஃபேவரிட்டையே கட்டிக்கொண்டு போனால் போதாதா? இரண்டு மூன்று ரேஸ் குதிரைகளை ஒரே சீட்டில் சேர்த்து, எல்லாம் ஜெயித்தால்தான் பணம் என்று டபுள், டிரெபிள் கட்டலாமா?

ஃபேவரிட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: போதாது. ஃபேவரிட்டுகள் ஏறத்தாழ மூன்று ரேஸுக்கு ஒன்றில் ஜெயிக்கின்றன. ஆனால் அதைவிட அதிகமாக ஜெயிக்கும் என்று வைத்துத்தான் அவற்றுக்கு விலை, அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு லாபம் என்ற கணக்கு, போடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதையே கட்டி வந்தால் பணம் ஒரேயடியாகப் போகாது, வாரா வாரம் கரையும்.

நான் இருப்பது கில்டேர் மாவட்டம். கர்ராக், நேஸ், பஞ்சஸ்டவுன் என்று மூன்று மைதானங்கள் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வார இறுதியில் இவற்றில் ஏதாவது ஒன்றில் ரேஸ் இருந்தால் நேரில் போவேன், இல்லாவிட்டால் டிவி. எதுவானாலும் நான் பார்க்கும் வரிசை மாறாது: முதலில் தரை, அப்புறம் லாயம், அப்புறம் எடை, கடைசியில் விலை. கடைசியாக வந்தாலும் கட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது விலைதான். ‘இந்தக் குதிரை ஜெயிக்குமா’ என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள் பலர். ‘இந்த விலைக்கு இது தகுமா’ என்பது வரை போக வேண்டும்.

தரை என்று நான் சொல்வது புல்தரையின் ஈரத்தை. வெள்ளிக்கிழமை ‘குட்’ என்று அறிவித்த தரை ஞாயிறு மதியத்துக்குள் ‘சாஃப்ட்’ ஆகிவிடும். இங்கே மழை அப்படி. இரண்டுக்கும் நடுவில் ‘யீல்டிங்’, எல்லாவற்றுக்கும் கீழே ‘ஹெவி’. குளிர்காலத்தில் நேஸ் போனால், முதல் ரேஸுக்கு முன்னால் கம்பியோரமாக நடந்து பூட்ஸ் குதிகாலைப் புல்லில் ஊன்றிப் பார்ப்பேன். குதிகால் முழுசாக இறங்கி, எடுக்கும்போது சளக்கென்று சத்தம் வந்தால் ரேஸ் கார்டில் பாதிப் பெயர்களை அப்போதே அடித்துவிடலாம். நேஸில் கடைசிப் பகுதி மேட்டில் ஏறுகிறது. அந்த மேடும் அந்தச் சேறும் சேர்ந்தால், கோடையில் காய்ந்த தரையில் வேகம் காட்டிய குதிரை முடிவுக் கோட்டுக்கு 200 மீட்டர் இருக்கும்போதே கால் ஓய்ந்துவிடும். முழங்காலை உயரத் தூக்கி ஓடும் குதிரை ஈரத்தில் சமாளிக்கும். தரையை ஒட்டிக் காலை நீட்டி ஓடுவது பொதுவாக அங்கே திணறும்.

ஒரே மழை எல்லா மைதானத்தையும் ஒரே மாதிரி ஆக்குவதில்லை என்பதும் முக்கியம். கர்ராக் சமவெளியில் தண்ணீர் சீக்கிரம் வடியும். லெப்பர்ட்ஸ்டவுனில் ஹர்டில் (சிறிய தடைகள்) ஓடும் டிராக்குக்கும் சேஸ் (பெரிய தடைகள்) ஓடும் டிராக்குக்கும் தரை நிலவரத்தைத் தனித்தனியாக அறிவிப்பார்கள். ஒரே நாளில் இரண்டும் வேறு வேறாக இருக்கும். டண்டாக் கதையே வேறு. 2007-இல் திறந்த செயற்கைத் தரை அது. குளிர்கால வெள்ளி இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் அங்கே ஓடி ஜெயிக்கும் குதிரைகள், புல்லுக்கு வந்தால் அதே மாதிரி ஓடும் என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை. ஒரு குதிரையின் பழைய ஓட்டங்களைப் பார்க்கும்போது, எத்தனையாவதாக வந்தது என்பதைவிட எந்தத் தரையில் வந்தது என்பதைத்தான் முதலில் பாருங்கள். ‘ஹெவி’யில் ஏழாவதாக வந்த குதிரை ‘குட்’டில் ஓடும்போது அந்த ஏழு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பலர் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடுவதால் விலை ஏறிக் கிடக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து லாயம், அதாவது குதிரையைப் பழக்கும் பயிற்சியாளர். அயர்லாந்து ரேஸின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. தடை தாண்டி ஓடும் ரேஸ்களில் கார்லோ மாவட்டத்து வில்லி மல்லின்ஸ், மீத் மாவட்டத்து கார்டன் எலியட், தடையில்லாத தட்டை ரேஸ்களில் டிப்பரரி மாவட்டத்து பாலிடாயிலில் இருக்கும் ஏடன் ஓ’பிரையன் என்று சிலர் கையில்தான் பெரிய பரிசுகள் பெரும்பாலும் போய்ச் சேர்கின்றன. 2024 பிப்ரவரியில் லெப்பர்ட்ஸ்டவுனில் நடந்த டப்ளின் ரேஸிங் ஃபெஸ்டிவலில் மிக உயர்ந்த தரமான கிரேடு ஒன் ரேஸ்கள் எட்டு. எட்டையும் மல்லின்ஸ் லாயமே ஜெயித்தது. இப்படிப்பட்ட இடத்தில் அவரை எதிர்த்து ஒரு குதிரையைத் தேடுவதைவிட, அவர் கொண்டுவரும் நான்கு ஐந்து குதிரைகளில் எது என்று யோசிப்பதுதான் உருப்படியான வேலை.

அங்கேதான் எல்லோரும் ஒரே குறுக்குவழியில் போகிறார்கள். லாயத்தின் முதல் ஜாக்கி பால் டவுனெண்ட் எதில் ஏறுகிறாரோ அதைக் கட்டுவது. பாலிடாயில் குதிரைகள் என்றால் ரயன் மூர். அது தப்பான குறிப்பு இல்லை. முதல் ஜாக்கி காலை ஓட்டங்களில் அந்தக் குதிரைகள் மேல் உட்கார்ந்து பார்த்தவர், காரணமில்லாமல் தேர்ந்தெடுக்க மாட்டார். ஆனால் அந்தக் காரணம் முழுவதும் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அது மட்டுமா, மற்றக் குதிரைகளின் விலை தேவைக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. 2019 ஐரிஷ் டெர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் எப்சம் டெர்பி ஜெயித்துவிட்டு வந்த பாலிடாயில் குதிரை ஆன்டனி வான் டைக் ஓடியது. அதே லாயத்தின் சாவரின் என்ற குதிரை 33/1 விலையில் (ஒன்று கட்டினால் 33 லாபம்), பாட்ரிக் பெகி ஓட்ட, முன்னால் போய் 6 லெங்த் (குதிரை நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. பின்னால் இருந்தவர்களுக்குப் பிடிக்க நேரம் இருக்கவில்லை. அதே பெகிதான் 2017-இல் அதே லாயத்தின் விங்ஸ் ஆஃப் ஈகிள்ஸை 40/1 விலையில் எப்சம் டெர்பியில் ஜெயிக்க வைத்தவர். இதைச் சொல்வது இரண்டாவது குதிரையையே எப்போதும் கட்டுங்கள் என்பதற்காக இல்லை. ஒரே லாயத்தில் ஒன்று 6/4, இன்னொன்று 20/1 என்று நின்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையிலேயே அவ்வளவு இடைவெளி இருக்கிறதா, இல்லை ஜாக்கியின் பெயரால் மட்டும் வந்த இடைவெளியா என்று ஐந்து நிமிஷம் ஒதுக்கிப் பாருங்கள். முன்னால் ஓடிப் பழகிய குதிரையாக இருந்தால், வேறு யாரும் முன்னால் போக ஆசைப்படாத ரேஸாகவும் இருந்தால், பத்து நிமிஷம்கூட ஒதுக்கலாம்.

எடை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேண்டிகேப் ரேஸில் திறமைக்கு ஏற்ப எடை ஏற்றிச் சமன் செய்கிறார்கள். நான் தேடுவது இன்னும் முழுத் திறமையைக் காட்டாத குதிரையை. பொதுவாக ஒரு குதிரை மூன்று முறை ஓடிய பிறகு அதற்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள். அந்த மூன்றும் குறைந்த தூரத்தில் ஓடி நடுவில் வந்திருக்கும். நான்காவதாக ஹேண்டிகேப்பில் நுழையும்போது தூரம் திடீரென்று கூடும். தாய் வழியில் நீண்ட தூரம் ஓடிய குதிரைகள் இருந்தால் அந்த மாற்றத்தை நான் மிகவும் கவனிப்பேன். அனுபவம் குறைந்த ஜாக்கிகளுக்கு 7, 5, 3 பவுண்டு என்று எடைக் குறைப்பு உண்டு. ஏற்கெனவே நிறைய ஜெயித்துவிட்ட, ஆனால் குறைப்பு இன்னும் மிச்சமிருக்கிற பையனோ பெண்ணோ ஏறினால் அது நேரடியான லாபம். இருபது முப்பது குதிரைகள் ஓடும் பெரிய ஹேண்டிகேப்பில் மட்டும் பெரிய தொகை கட்டாதீர்கள். ஈஸ்டர் திங்களன்று ஃபேரிஹவுஸில் நடக்கும் ஐரிஷ் கிராண்ட் நேஷனலில் 2021-இல் ஃப்ரீவீலின் டிலன் 150/1 விலையில் ஜெயித்தது. அதை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

நேரில் போனால் பெடாக்கில் குதிரைகளைச் சுற்றி நடத்தும்போது பாருங்கள். கட்டுவதற்கு அல்ல, விடுவதற்கு. பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளை நுரையாக வியர்வை, கண்ணின் வெள்ளை தெரிய முழிப்பது, நடத்துகிறவரை இழுத்துக்கொண்டு குறுக்கே நடப்பது. இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால், எவ்வளவு நல்ல ஃபார்ம் இருந்தாலும் அந்த ரேஸில் அதை விட்டுவிடுவேன். ஓடுவதற்கு முன்பே பாதிச் சக்தியைச் செலவழித்துவிட்டது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் வியர்வை என்றால், அதுவும் வெயில் நாளில், கவலைப்பட ஒன்றுமில்லை. சில குதிரைகள் எப்போதுமே அப்படித்தான். அதனால் ஒரே குதிரையை இரண்டாவது மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் கண்ணுக்கு விஷயம் பிடிபடும்.

இனி விலை. 3/1 என்றால் நான்கில் ஒரு வாய்ப்பு, அதாவது 25 சதவீதம். கட்டிய அளவே லாபம் தரும் சமவிலை 50, 5/1 என்றால் 16.7, 8/1 என்றால் 11.1, 10/1 என்றால் 9.1, 16/1 என்றால் 5.9. இந்த ஆறு விலையில் ஆறு குதிரைகள் ஓடும் ரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் 117.8 வரும். ஜெயிப்பது ஒன்றுதான், வாய்ப்பு மொத்தம் 100-க்கு மேல் இருக்க முடியாது. மேலே நிற்கும் அந்த 17.8-தான் புக்கி தனக்காக வைத்துக்கொண்ட இடம். அதனால் ரேஸ் கார்டைப் பார்த்தவுடன், விலையைப் பார்ப்பதற்கு முன்பே, ஒவ்வொரு குதிரைக்கும் எத்தனை சதவீதம் தருவேன் என்று பென்சிலால் எழுதிவிடுகிறேன். மொத்தம் 100 வருகிற மாதிரி எழுத வேண்டும், இது கட்டாயம். அப்புறம்தான் விலைப் பலகை. நான் 25 தந்த குதிரைக்கு 5/1 இருக்கிறதா, கட்டுவேன். நான் 45 தந்த குதிரை சமவிலையில் நிற்கிறதா, அதுதான் ஜெயிக்கும் என்று எனக்கே தோன்றினாலும் விடுவேன். விலையை முதலில் பார்த்துவிட்டால் மனசு அந்த விலைக்கு ஏற்ற காரணங்களைத் தேட ஆரம்பித்துவிடும்.

ஈச் வே, அதாவது பாதிப் பணம் ஜெயிப்பதற்கு, பாதிப் பணம் முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு என்று கட்டுகிறவர்கள் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைக் கடைசி நிமிஷம் வரை பார்க்க வேண்டும். சாதாரணமாக எட்டுக் குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடத்துக்குப் பணம். ஒன்று விலகி ஏழானால் இரண்டு இடத்துக்குத்தான். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமையில் காலையிலேயே தரையைக் காரணம் சொல்லி குதிரைகளை விலக்குவது இங்கே சகஜம். எட்டுப் பேர் ரேஸ் என்று சனி இரவே கட்டிவிட்டுத் தூங்கினால், மூன்றாவதாக வந்த குதிரைக்குக் கையில் ஒன்றும் வராது. 16 அல்லது அதற்கு மேல் ஓடும் ஹேண்டிகேப்பில் நான்கு இடம், விலையில் கால் பங்கு. 12/1, 14/1 விலையில் நம்பிக்கையான குதிரை இருந்தால் ஈச் வே அர்த்தமுள்ளதாவது அங்கேதான்.

ஒரு நாளில் ஏழெட்டு ரேஸ் நடக்கும். நான் இரண்டில் கட்டினால் அதிகம். முதல்முறை ஓடும் இரண்டு வயதுக் குட்டிகளின் ரேஸ், அமெச்சூர் ஜாக்கிகள் ஓட்டும் பம்பர் ரேஸ் போன்றவற்றில், குதிரையைப் பற்றி லாயத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. அதனால் அவற்றைப் பார்த்து ரசிப்பதோடு சரி. ரேஸுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறேன், ஒரு குதிரைமேல் அதில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேல் போவதில்லை. வாடகைப் பணம், ஊருக்கு அனுப்பும் பணம் பக்கம் அந்தக் கை போகவே கூடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசி ரேஸில் இரட்டிப்பாகக் கட்டும் பழக்கம் உங்களுக்கு வருகிறது என்றால், தயவுசெய்து அன்றே நிறுத்துங்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள்.

கடைசியாக டபுள், டிரெபிள். மூன்று குதிரைகளுக்கும் தலா 40 சதவீத வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மூன்றும் சேர்ந்து ஜெயிக்க 6.4 சதவீதம்தான். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு ரேஸிலும் புக்கி வைத்துக்கொண்ட பங்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகுகிறது. சனிக்கிழமை கடை வாசலில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் பெரும்பாலானவை இந்த வகைச் சீட்டுகளுக்குத்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று குதிரைகளின் விலையும் உங்கள் பென்சில் கணக்கைவிட நன்றாக இருந்தால், மூன்றையும் தனித்தனியாகக் கட்டுங்கள்.