உப்பு மாவு பொம்மை ஏன் வெடிக்கிறது?

கேள்வி: என் 6 வயது மகளும் 3 வயது மகனும் ஆசைப்பட்டார்களே என்று மைதாவில் உப்பு கலந்து பிசைந்து, இலை, விதை, குச்சி எல்லாம் பதித்துப் பொம்மைகள் செய்தோம். ஓவனில் வைத்ததும் பாதி உப்பி வெடித்துவிட்டன. மீதியில் விதைகள் உதிர்ந்துவிட்டன. தப்பித்தவையும் ஒரே வாரத்தில் பிசுபிசுக்கின்றன. எங்கே தப்பு செய்தோம்?

பதில்: ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உப்பி வெடித்தது என்றால் சூடு அதிகம் என்றுதான் அர்த்தம். இந்த மாவை நாம் வேக வைக்கவில்லை, உலர்த்துகிறோம். மேல்பக்கம் சட்டென்று காய்ந்து ஓடு கட்டிவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழி தெரியாமல் முட்டும். 100 டிகிரி போதும். 2, 3 மணி நேரம் ஆகட்டும், நடுவில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். மாவின் கனமும் அரை சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். குண்டு யானைதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வயிற்றுக்குள் வைத்து மேலே மாவைப் போர்த்துங்கள்.

அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. கல் உப்பு நறநறக்கும்.

இலையை மாவிலேயே விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். காயும்போது அது சுருங்கிப் பிய்த்துக்கொண்டு வரும். எனக்குப் பிடித்த வழி வேறு. நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மாவில் படும்படி இலையை வைத்து, மேலே பூரிக்கட்டையை ஒரே அழுத்தில் உருட்டுங்கள். அப்புறம் காம்பைப் பிடித்து மெதுவாக உரிக்கும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். முடி மாதிரி இருக்கும் கிளை நரம்புகூட மாவில் பதிந்திருக்கும். நன்றாகக் காய்ந்தபின் தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பூசி, உடனே துணியால் துடைத்தால் நிறம் நரம்புக் கோடுகளில் மட்டும் தங்கும். அதைப் பார்த்துவிட்டால் வீட்டில் ஒரு செடியிலும் இலை மிஞ்சாது, அதற்கும் தயாராக இருங்கள்.

விதை உதிர்வதற்குக் காரணம், மாவு காயும்போது சுருங்குகிறது, விதை சுருங்குவதில்லை. ஈர மாவில் அழுத்திக் குழி மட்டும் எடுத்துக்கொண்டு, காய்ந்தபின் பசை தடவி ஒட்டுங்கள். மகன் சின்னவன் என்பதால் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைக்காதீர்கள். அதுவும் ஆமணக்கு விதையும் கொடிய விஷம். அரளியில் இலை, பூ எதுவும் வேண்டாம். மாவையும் கவனியுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் பரவாயில்லை, கைப்பிடி மாவு உள்ளே போனால் அவ்வளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் உப்புதான், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிசுபிசுத்த பொம்மைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வண்ணம் பூசாதவை என்றால் மறுபடி 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, முழுக்க ஆறியபின் வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள். அடிப்பக்கத்தையும் விடாமல் பூசுங்கள், பலரும் மறப்பது அதைத்தான். வெடித்தவற்றில் பெரிய விரிசலாக இல்லாதவற்றைத் தனியே எடுங்கள். கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கூழாகக் குழைத்து விரிசலில் அப்பிக் காயவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.